நாட் பேடா, க்வைட் குட்டா?

ரெண்டுமே பாராட்டுதான், ஆனால் எடை வேறு. சோழிங்கநல்லூர் ஆபீஸிலிருந்து நான் அனுப்பிய ரிப்போர்ட்டுக்கு லண்டன் மேனேஜர் 'க்வைட் குட்' என்று பதில் போட்டதும், டீமுக்கே சமோசா வாங்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பிரிட்டிஷ்காரர் வாயில் அது பெரும்பாலும் 'சுமார்தான், இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கலாம்' ரகம். அதையே அமெரிக்கர் சொன்னால் 'ரொம்ப நல்லா இருக்கு' என்று அர்த்தம், சமோசா தப்பில்லை.

'நாட் பேட்' இதற்கு நேர் எதிர். காதுக்கு நம்ம ஊர் 'பரவாயில்லை' மாதிரிதான் கேட்கும், ஆனால் பிரிட்டிஷ்காரர் புருவத்தை உயர்த்தி 'நாட் பேட் அட் ஆல்' என்று இழுத்தால் அவருக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. குரல் தட்டையாக வந்தால் மட்டும் வெறும் பரவாயில்லை. நம்மிடமும் இது உண்டே: என் மாமியார் நான் வைத்த வத்தக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு 'ம், பரவாயில்லையே' என்றால் அந்தக் கடைசி 'யே'யில்தான் முழு மார்க்கும்.

ஒரு சிக்கல், 'க்வைட்' பின்னால் 'பிரில்லியன்ட்' மாதிரி உச்சச் சொல் வந்தால் பிரிட்டனிலும் அது 'சுமார்' இல்லை, 'அபாரம்' ஆகிவிடும்.

மெயிலில் குரல் கேட்காது. இருந்தாலும் லண்டனிலிருந்து எனக்கு 'நாட் பேட்' வந்தால்தான் நிம்மதி. 'க்வைட் குட்' வந்தால் ஃபைலை மறுபடி திறந்து எங்கே இடிக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.