ஹெல்ம்ஸ் டீப்பா, பெலன்னோரா: எந்த விடியல் பெரிது?

கோட்டை விழப்போகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு இனி வழியில்லை. அந்த நேரத்தில் மேட்டின் மேல் குதிரைகள் தெரிகின்றன. வாளும் குதிரையும் கோட்டையுமாக வரும் சாகசப் படங்களில் இதைவிடப் பார்ப்பவர்களை உசுப்பிவிடும் காட்சி எனக்குத் தெரிந்து கிடையாது. பீட்டர் ஜாக்சன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையில் இதை இரண்டு முறை எடுத்திருக்கிறார். 2002-ல் வந்த 'தி டூ டவர்ஸ்' படத்தில் ஹெல்ம்ஸ் டீப் கோட்டை. 2003-ல் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' படத்தில் மினாஸ் திரித் நகரத்துக்கு வெளியே பெலன்னோர் சமவெளி. இரண்டிலும் விடியற்காலை, இரண்டிலும் ரோஹன் நாட்டுக் குதிரைப்படை, இரண்டிலும் மேட்டிலிருந்து கீழே பாய்ச்சல். எது பெரிது என்ற பேச்சு இந்தப் படங்களைப் பிடித்த நாலு பேர் கூடினால் வந்தே தீரும்.

அக்கா குடும்பம் விடுமுறைக்கு வந்திருந்தபோது எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. ஒரே ஒரு இரவுதான் இருந்தது, ஒரு படம்தான் போட முடியும். பெரியவர்கள் எல்லாருமே எப்போதோ பார்த்தவர்கள். அம்மாவுக்கும் அக்காவின் சின்னவனுக்கும்தான் புதிது. 'டூ டவர்ஸ்' 179 நிமிடம், 'ரிட்டர்ன்' 201 நிமிடம். விட்டுப்போன கதையை நானே சொல்லிவிட்டு மூன்றாவது படத்தைப் போட்டேன். அடுத்த முறை அவர்கள் வந்தபோது இரண்டாவதையும் போட்டேன். அதே ஆட்கள் இரண்டையும் பார்த்த விதத்தை அருகிலிருந்து கவனித்த பிறகும் என் கட்சி மாறவில்லை. பெலன்னோர்தான்.

தொழில்நுட்பத்தில் எது உசத்தி என்று பேசி நேரத்தைக் கழிக்க வேண்டாம். இரண்டுமே நியூசிலாந்தில் எடுத்தவை, இரண்டிலும் கணினியில் உருவாக்கிய பெரும்படைக்கு 'மாசிவ்' என்ற ஒரே மென்பொருள்தான். ஹெல்ம்ஸ் டீப்பை மாதக்கணக்கில் இரவு இரவாக, மழையைப் பெய்ய வைத்து, வெலிங்டன் அருகே ஒரு கல்குவாரியில் எடுத்தார்கள். கோட்டைக்கு வெளியே நிற்கும் உருக்-ஹாய் என்ற பத்தாயிரம் அரக்கர்களின் முழக்கம் கேட்கிறதே, அதில் வெலிங்டன் மைதானத்தில் ஒருநாள் போட்டி பார்க்க வந்த சுமார் 25,000 கிரிக்கெட் ரசிகர்களின் குரல் இருக்கிறது. அவர்களைக் கத்த வைத்துப் பதிவு செய்தது ஜாக்சனேதான். பெலன்னோருக்குத் தெற்குத் தீவில் ட்வைசல் என்ற ஊருக்குப் பக்கத்துப் புல்வெளி. சொந்தக் குதிரைகளோடு வந்த உள்ளூர்க்காரர்கள்தான் அங்கே படைவீரர்கள். அவர்களில் பலர் பெண்கள், ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு சவாரி செய்தவர்கள். ஆண் வேடமிட்டுப் போருக்கு வரும் ரோஹன் அரச குடும்பத்துப் பெண் எயோவின் பாத்திரத்தைச் சுற்றி உண்மையிலேயே அப்படிப்பட்ட பெண்கள் ஓடியிருக்கிறார்கள் என்று தெரிந்தபின் அந்தக் காட்சி எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

முதலில் ஹெல்ம்ஸ் டீப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். பத்தாயிரம் பேருக்கு எதிராக முந்நூறு பேர். இரவு முழுக்க மழை, மதில் வெடித்துச் சிதறுகிறது, கதவு ஒவ்வொன்றாக உடைகிறது. ரோஹன் அரசன் தியோடன் மனம் விட்டுப்போய் நிற்கிறார். கூட இருந்து போரிடும் வீரன் அரகார்ன்தான் அவரை உலுக்கி, குதிரையேறி வெளியே போவோம் என்கிறான். குள்ளர் இனத்து வீரன் கிம்லி மேலே ஓடி அந்தப் பழைய பெரும் கொம்பை ஊதுகிறான். சன்னலில் வெளிச்சம். ஐந்தாம் நாள் விடியலில் கிழக்கே பார் என்று மந்திரவாதி கேண்டால்ஃப் சொல்லிவிட்டுப் போனது நமக்கு அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. வெள்ளைக் குதிரையில் அவர் முகட்டில் நிற்கிறார், பக்கத்தில் எயோவினின் அண்ணன் எயோமர், பின்னால் இரண்டாயிரம் குதிரைகள். சிறுவன் ஒருவனின் தனிக்குரல் மேலே எழ, எல்லாரும் சரிவில் இறங்குகிறார்கள். எங்கள் வீட்டில் சின்னவன் சோபா மேல் ஏறி நின்று கத்தினான். அத்தான் கைதட்டினார்.

தட்டிவிட்டு உடனே, "இந்தச் சரிவுல குதிரை எப்படிப்பா இறங்கும்? கீழே ஈட்டி வேற நீட்டிக்கிட்டு நிக்கறானுங்க" என்றார். இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி அது. பின்னாலிருந்து வெயில் பாய்ந்து உருக்-ஹாய்களின் கண் கூசிவிடுகிறது, ஈட்டி வரிசை குலைகிறது என்று படம் சமாளிக்கிறது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. குதிரையால் முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது முதல் தடவை பார்க்கும்போது தெரியாது, நாலைந்து தடவை பார்த்தால்தான் தெரியும்.

இப்படிப்பட்ட படங்களை யாரும் ஒரு தடவையோடு விடுவதில்லை. வட்டு வாங்கி வைத்துக்கொண்டு, டிவியில் வந்தால் நின்று பார்த்து, விருந்தாளி வந்தால் போட்டுக் காட்டி, வருஷக்கணக்காக வாழ்கிறோம். அதனால் ஒரு மீட்புக் காட்சியை எடைபோடுவதற்கு எனக்கு இருக்கும் ஒரே அளவுகோல், காப்பாற்ற வருவார்கள் என்று தெரிந்த பிறகும் அது வேலை செய்கிறதா என்பதுதான்.

ஹெல்ம்ஸ் டீப்பில் நாம் கோட்டைக்கு உள்ளே இருக்கிறோம். மாட்டிக்கொண்டவர்களோடு மாட்டிக்கொண்டிருக்கிறோம். கேண்டால்ஃப் படத்தின் முன்பகுதியில் கிளம்பிப் போகிறார், முடிவில் திரும்பி வருகிறார். நடுவில் எயோமரை எங்கே கண்டுபிடித்தார், நாடு கடத்தப்பட்ட அந்த வீரனிடம் என்ன பேசினார், அவனுக்குள் தயக்கம் இருந்ததா, எதுவும் காட்டப்படவில்லை. எல்லாம் திரைக்கு வெளியே நடந்து முடிந்துவிட்டது. அதனால் நமக்குக் கிடைப்பது 'அப்பாடா' என்ற நிம்மதி. முதல் தடவை அந்த நிம்மதிக்கு ஈடு கிடையாது. ஆனால் அது எதிர்பாராமல் வந்த நிம்மதி. வரப்போகிறார் என்று தெரிந்துவிட்டால் பாதி கரைந்துவிடும். மீதிப் பாதி அந்த ஒளிக்கும் இசைக்கும் உரியது, அது இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது.

பெலன்னோரில் கேமரா இடம் மாறிவிட்டது. இந்தத் தடவை நாம் காப்பாற்ற வருகிறவர்களின் பக்கம் இருக்கிறோம். அதுவும் கடைசி நிமிடத்தில் அல்ல, வெகு முன்னாலிருந்தே. மலைக்கு மலை நெருப்பு ஏற்றி, மினாஸ் திரித்தைத் தலைநகராகக் கொண்ட கோண்டோர் நாடு உதவி கேட்கிறது. அரகார்ன் மூச்சிரைக்க மண்டபத்துக்குள் ஓடிவந்து செய்தி சொல்கிறான். எல்லார் பார்வையும் தியோடன் மேல். நம் மக்கள் செத்தபோது கோண்டோர் எங்கே போயிருந்தது என்று முந்தின படத்தில் கசந்து பேசியவர் அவர். அந்த மனத்தாங்கல் தீரவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிகிறது. ஒரு சின்ன மௌனம். அப்புறம் ரோஹன் போகும் என்கிறார். எனக்கு மீட்பு நடப்பது அங்கேதான், சமவெளியில் பிறகு நடப்பது அதன் தொடர்ச்சி. படை திரட்டினால் ஆறாயிரம் ஈட்டிகள்தான் சேர்கின்றன, எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. ஜெயிக்க முடியாது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். இருந்தாலும் போவோம் என்கிறார்.

சின்னவன் நடுவில் கேட்டான்: "மாமா, இவங்க கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" ஹெல்ம்ஸ் டீப் பார்த்தபோது அவன் இப்படிக் கேட்கவில்லை. அங்கே வருகிறவர் மந்திரவாதி, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார், அவ்வளவுதான். இங்கே வருகிறவர்கள் மனிதர்கள். தாமதம், தயக்கம், தூரம் எல்லாவற்றையும் அவன் அவர்களோடு சேர்ந்து கடந்திருக்கிறான். அதனால்தான் கேட்டான்.

சரி, அந்தக் காட்சிக்கே வருவோம். மேட்டின் மேல் வந்து நிற்கிறார்கள். கீழே நகரம் எரிகிறது, கண்ணுக்கு எட்டிய தூரம் எதிரிகள். தியோடனாக நடித்த பெர்னார்ட் ஹில் (2024-ல் காலமாகிவிட்டார்) அந்த இடத்தில் எதுவும் பேசுவதில்லை. கண் ஒரு நொடி தளர்கிறது, மூச்சு ஒரு தடவை இறங்குகிறது. தாமதமாகிவிட்டது என்று புரிந்துகொண்ட ஒரு கிழவரின் முகம். எயோவின் தனக்கு முன்னால் அதே குதிரையில் உட்கார்ந்திருக்கும் குட்டை உருவக்காரன் மெர்ரிக்குத் தைரியம் சொல்கிறாள். அவளுக்கே அது தேவைப்படுகிறது என்று நமக்குத் தெரிகிறது. பிறகு தியோடன் இடப்பக்கம், வலப்பக்கம் என்று படையைப் பிரித்து உத்தரவு கொடுத்து, படைக்கு முன்னால் நின்று உரக்கப் பேசி, முன்வரிசை நெடுக குதிரையை விட்டு, நீட்டிப் பிடித்த ஈட்டிகளைத் தன் வாளால் தட்டிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு ஈட்டியும் தனித்தனியாகச் சத்தம் கேட்கிறது. 'சாவு' என்று அவர் கத்த, ஆறாயிரம் பேரும் அதையே திருப்பிக் கத்துகிறார்கள். வெற்றி என்ற பேச்சே யார் வாயிலும் வரவில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது. வாள் ஈட்டிகளைத் தட்டிக்கொண்டு போகும்போது, "அந்தப் பெரியவர் திரும்பி வருவாரா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அம்மா பிறகு நகரத்தைப் பற்றியோ எதிரிகளைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை, அந்த முகத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தார். காப்பாற்றப் போகிறவரைப் பற்றிப் பார்ப்பவரைக் கவலைப்பட வைத்த காட்சி வேறு எத்தனை இருக்கிறது?

பாய்ச்சல் தொடங்கிய பிறகு இன்னொரு நல்ல காரியம் நடக்கிறது. எதிரிப்படையின் அரக்கர்களான ஓர்க்குகள் அம்பு விடுகிறார்கள், முன்னால் வருபவர்கள் சரிந்து விழுகிறார்கள், ஆனால் வரிசை நிற்பதில்லை. அப்போது கேமரா ஓர்க்குகளின் முகத்துக்குப் போகிறது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் மாறுகின்றன. பயம் பக்கம் மாறுவதைக் கண்முன்னே பார்க்கிறோம். இசையமைப்பாளர் ஹவர்ட் ஷோரின் ரோஹன் இசை, முந்தின படத்தில் நார்வே நாட்டு ஹார்டாங்கர் பிடிலில் தனியாக, ஏக்கத்தோடு ஒலித்தது, இங்கே முழு வாத்தியக் குழுவாக விரிகிறது. முந்தின படம் பார்த்தவர்களுக்கு அது தனிச் சந்தோஷம்.

இதெல்லாம் மறுபடி பார்க்கும்போது குறைவதில்லை, கூடுகிறது. தியோடன் இன்னும் சற்று நேரத்தில் குதிரைக்கு அடியில் நசுங்கிக் கிடப்பார் என்று தெரிந்த பிறகு அந்த உரையைக் கேட்டால் தொண்டை அடைக்கிறது. முன்னோர்கள் முன்னால் இனி வெட்கப்படாமல் நிற்பேன் என்று சாகும்போது சொல்கிறார். ஹெல்ம்ஸ் டீப்பில் மனம் உடைந்து நின்ற அதே மனிதர். ரோமானியர்களோடு சேர்ந்து ஹூணர்களின் அரசன் அட்டிலாவை எதிர்க்கப் போன விசிகோத் அரசன் தியோடரிக் 451-ல் கேட்டலானியன் சமவெளியில் குதிரையிலிருந்து விழுந்து, தன் ஆட்களின் காலடியிலேயே மிதிபட்டுச் செத்தார் என்று பழைய வரலாற்றாசிரியர் ஜோர்டேனஸ் எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கதையை நூலாக எழுதிய டோல்கீனின் தியோடனை அவரோடு ஒப்பிடும் ஆய்வாளர்கள் உண்டு. உதவிக்குப் போன அரசன் அந்தக் களத்திலேயே விழுவது அவ்வளவு பழைய கதை.

நூலையும் படத்தையும் ஒப்பிட்டால் இரண்டு காட்சியிலும் ஜாக்சன் கை வைத்திருக்கிறார். நூலில் ஹெல்ம்ஸ் டீப் முற்றுகையின்போது எயோமர் கோட்டைக்கு உள்ளேதான் இருக்கிறான். கேண்டால்ஃப் அழைத்துவருவது எர்கன்பிராண்ட் என்ற ரோஹன் தலைவரையும் அவருடைய காலாட்படையையும். பெலன்னோர் உரையில் முதல் பகுதி நூலிலும் தியோடனுடையது. 'சாவு' என்ற முழக்கமோ எயோமருடையது, எயோவின் விழுந்து கிடப்பதைப் பார்த்து அவன் வெறிகொண்டு கத்துவது. இரண்டையும் ஒரே வாயில் வைத்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

பெலன்னோரின் பெரிய ஓட்டை எது என்று இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சையாக ஒளிரும் செத்தவர்களின் படை. அரகார்ன் கப்பலில் அவர்களைக் கூட்டி வருகிறான், அவர்கள் அலையாகப் பரவி எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். அத்தான் அங்கே, "இவங்கதான் இருக்காங்களே, அப்ப குதிரைக்காரங்க எதுக்கு செத்தாங்க?" என்றார். நியாயமான கோபம். நூலில் அந்தப் பேய்ப்படை பெலன்னோருக்கு வருவதே இல்லை, பெலர்கிர் துறைமுகத்தில் அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. கப்பலில் வருபவர்கள் தென் கோண்டோரின் உயிருள்ள மனிதர்கள். படம் அதை மாற்றியதால் ரோஹன் கொடுத்த விலை மலிந்துபோகிறது. இந்த ஒரு விஷயத்தில் ஹெல்ம்ஸ் டீப் எவ்வளவோ சுத்தம். அங்கே மீட்பு வந்தது, போர் முடிந்தது. ஆனாலும் அந்தக் கோபம் எனக்குப் பெலன்னோர் கட்சியை விடுவதற்குப் போதுமானதாக இல்லை, ஏனென்றால் அத்தானுக்குக் கோபம் வந்ததே அந்தக் குதிரைக்காரர்கள் மேல் அவருக்கு அத்தனை பாசம் வந்துவிட்டதால்தான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஹெல்ம்ஸ் டீப்பை நான் பெரிய திரையில் பார்த்ததில்லை, வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். பெலன்னோரைத் தியேட்டரில் பார்த்தவன். இருட்டும் மழையும் நிறைந்த அந்த நீண்ட இரவு தியேட்டரில் வேறு மாதிரி அழுத்தியிருக்கலாம், அந்த அழுத்தத்துக்குப் பிறகு வரும் வெளிச்சமும் வேறு மாதிரி இருந்திருக்கலாம். தியேட்டரில் பார்த்த நண்பர்கள் சிலர் இன்றும் ஹெல்ம்ஸ் டீப்தான் என்று அடித்துச் சொல்கிறார்கள், அவர்களோடு வாதாட எனக்கு அனுபவம் போதாது.

யாருக்காவது போட்டுக் காட்டுவதாக இருந்தால், முழுப் படத்துக்கும் பொறுமை இல்லாத பிள்ளைகளுக்கு ஹெல்ம்ஸ் டீப் போதும், முற்றுகை தொடங்கும் இடத்திலிருந்து போட்டாலே புரிந்துவிடும். பெலன்னோரை மட்டும் அப்படி வெட்டிப் போடாதீர்கள். குறைந்தது மலைகளில் நெருப்பு ஏற்றும் இடத்திலிருந்தாவது தொடங்குங்கள், தியோடன் அந்த மண்டபத்தில் யோசித்து நிற்பதைப் பார்க்காதவர்களுக்கு அவர் ஏன் அப்படிக் கத்துகிறார் என்று விளங்காது. நீட்டிக்கப்பட்ட பதிப்பு கையில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எதிரிப்படைத் தலைவனான சூனிய அரசன் கேண்டால்ஃபின் கோலை உடைத்து அவரை வீழ்த்தப்போகும் நேரத்தில்தான் ரோஹனின் கொம்பு கேட்கிறது. முதல் படத்திலிருந்து எல்லாரையும் காப்பாற்றிவந்த அந்த மந்திரவாதியைக் காப்பாற்றவும் தியோடனின் ஆட்கள்தான் வர வேண்டியிருந்தது.