ஸ்டென்ட்டா, அறுவைச் சிகிச்சையா: நாள்பட்ட கணைய வலிக்கு இருக்கும் வழிகள்

என் தம்பியின் வயிற்றில், நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே, வலை பின்னியது போலப் பழுப்பேறிய ஒரு தடம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் வெந்நீர்ப் பையை அதே இடத்தில் வைத்து அழுத்தியதால் தோல் கருத்து வந்த தடம் அது. வலி எழும்பினால் அவனால் மல்லாந்து படுக்க முடியாது. முழங்கால்களை மார்போடு கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்து, "அக்கா, கொஞ்சம் வென்னி போட்டுத் தா" என்று மட்டும் சொல்வான். மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும் அந்த வலியை, நாகர்கோவில் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், முதல் நான்கு ஆண்டுகள் "வாயு" என்றே நினைத்து ஓமத் தண்ணீரும் கேஸ் மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஸ்கேனில் கணையக் குழாய் விரிந்தும் அதற்குள் கற்கள் அடைத்தும் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் இது நாள்பட்ட கணைய அழற்சி என்று தெரிந்தது.

மது அருந்தாத இளம் வயதினருக்குக் கணையத்தில் கல் சேர்ந்து, வலியும் பின்னர் சர்க்கரை நோயும் வரும் இந்த வகை, கேரளத்திலும் அதை ஒட்டிய தென் தமிழகத்திலும் பல தலைமுறைகளாகத் தெரிந்த ஒன்று. கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் இதை விரிவாகப் பதிவு செய்தார். மரச்சீனிக் கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், அது நிரூபிக்கப்படவில்லை. நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ஸ்பிங்க்1 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது பின்னாளில் தெரியவந்தது. கிழங்கு தின்றதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று என் அம்மா பல ஆண்டுகள் தன்னையே நொந்துகொண்டதால், இதை இங்கே சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

வழிகளை ஒப்பிடும் முன் வலி எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லோ குறுக்கமோ அடைத்ததால் குழாய்க்குள் அழுத்தம் ஏறி வரும் வலி ஒன்று. அழற்சி நீடித்து, கணையத்தைச் சுற்றியுள்ள நரம்புகளும் முதுகுத்தண்டும் மூளையும் வலிக்குப் பழகிப்போய், அடைப்பை நீக்கிய பின்னும் தொடரும் வலி மற்றொன்று. கீழே வரும் சிகிச்சைகளில் ஸ்டென்ட்டும் (அடைப்புள்ள குழாய் திறந்தே இருக்க உள்ளே வைக்கும் சிறு குழல்) அறுவைச் சிகிச்சையும் முதல் வகைக்கானவை. குழாய் விரியாத ஒருவருக்கு அவற்றால் பெரிய பயனை எதிர்பார்க்க முடியாது.

பெரும்பாலான மருத்துவமனைகளில் முதலில் சொல்லப்படுவது எண்டோஸ்கோபி வழி, அதாவது இ.ஆர்.சி.பி. வாய் வழியாகக் குழாயை இறக்கி, முன்சிறுகுடலில் கணையக் குழாய் திறக்கும் வாயைச் சிறிது கீறி, கல்லை எடுத்து, குறுக்கம் இருந்தால் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைப்பார்கள். ஐந்து மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களைப் பெரும்பாலும் அப்படியே இழுத்தெடுக்க முடியாது. முதலில் வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திப் பொடியாக்க வேண்டும். இந்த அதிர்வலைச் சிகிச்சையில் உலக அளவில் மிகப் பெரிய அனுபவம் உள்ள இடங்களுள் ஹைதராபாத் ஒன்று. வயிற்றில் தழும்பு இல்லை, இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம் என்பது இதன் பெரிய ஈர்ப்பு. ஆனால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பொதுவாக ஓராண்டு வரை இது தொடரும். ஒவ்வொரு இ.ஆர்.சி.பி.யும் புதிதாக ஒரு கணைய அழற்சியைத் தூண்டிவிடக்கூடும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இண்டோமெத்தசின் மருந்தை ஆசனவாய் வழியாகக் கொடுத்தால் அந்த வாய்ப்பு 16.9 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாகக் குறைந்ததாக 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த மருந்து கொடுக்கப்படுமா என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

மறுபக்கம் அறுவைச் சிகிச்சை. நம் ஊரில் அதிகம் செய்யப்படுவது ஃப்ரே முறை: கணையத்தின் தலைப் பகுதியில் கெட்டுப்போன திசுவைக் குடைந்தெடுத்து, குழாயை நீளவாக்கில் திறந்து கற்களை நீக்கி, அதன் மேல் சிறுகுடலின் ஒரு கண்ணியை இணைத்துவிடுவார்கள். பெரிய அறுவைச் சிகிச்சைதான். குணமாக வாரங்கள் ஆகும். இரத்தக் கசிவும் தொற்றும் வர இடமுண்டு. ஆனால் பெரும்பாலும் ஒரு முறை செய்தால் போதும்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வுகளில் நெதர்லாந்தில் நடந்த இரண்டைக் குறிப்பிட வேண்டும். 2007இல் வெளியான முதல் ஆய்வில் 39 பேர் மட்டுமே இருந்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் எண்டோஸ்கோபி பெற்றவர்களில் 32 சதவீதத்தினருக்கும், அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் 75 சதவீதத்தினருக்கும் வலி முழுமையாகவோ ஓரளவோ தணிந்தது. அவர்களையே மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, எண்டோஸ்கோபி குழுவில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறுதியில் அறுவைச் சிகிச்சைக்கே போயிருந்தார்கள். 2020இல் வெளியான இரண்டாவது ஆய்வு 88 பேரை எடுத்துக்கொண்டது. வலுவான வலி மாத்திரைகளை அண்மையில்தான் தொடங்கியவர்கள் அவர்கள். தொடக்கத்திலேயே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் சராசரி வலி மதிப்பெண் 18 மாத காலத்தில் நூற்றுக்கு 37. மருந்து, பிறகு எண்டோஸ்கோபி, அதன் பிறகே கத்தி என்று படிப்படியாகப் போனவர்களுக்கு 49. சிக்கல்களின் அளவு இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே.

இந்த எண்களைப் படித்தபோது எனக்கு வந்தது வருத்தம்தான். தம்பிக்கு மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை ஸ்டென்ட் மாற்றினார்கள். அந்த மருத்துவமனையில் ஒருவர்கூட அறுவைச் சிகிச்சை என்றொரு வழி இருப்பதை எங்களிடம் சொல்லவில்லை. "அடுத்த முறை சரியாகிவிடும்" என்பதே பதிலாக இருந்தது. வேறொரு மருத்துவரிடம் போய்த்தான் ஃப்ரே முறை பற்றிக் கேள்விப்பட்டோம். அதற்குள் அவன் நாளொன்றுக்கு நான்கு டிராமடால் என்னும் வலுவான வலி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தான். ஆகவே என் முடிவு இது: குழாய் விரிந்து, தலைப் பகுதி பருத்து, கற்கள் நிறைந்து கிடக்கும் இளம் நோயாளிக்கு அறுவைச் சிகிச்சையைக் கடைசிப் புகலிடமாகத் தள்ளிவைக்கக் கூடாது, முதல் ஆலோசனையிலேயே குடல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். கல் ஒன்றிரண்டு மட்டும் தலைப் பகுதியில் இருந்து, குறுக்கம் இல்லாதவருக்கு அதிர்வலையும் எண்டோஸ்கோபியும் நியாயமான முதல் படி. வேறு நோய்களால் பெரிய மயக்க மருந்தைத் தாங்க முடியாதவருக்கும் அதுவே பொருந்தும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. நெதர்லாந்து நோயாளிகளில் மதுவால் நோய் வந்தவர்கள் அதிகம், நம்மவர்கள் வேறு. ஹைதராபாத்திலேயே 106 பேரிடம், பாதிப்பேருக்கு உண்மையான அதிர்வலையும் எண்டோஸ்கோபியும், மீதிப்பேருக்கு வெறும் பாவனைச் சிகிச்சையும் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. 12 வாரத்தில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சற்றே கூடுதல் நிவாரணம் இருந்தது. 24 வாரத்தில் அந்த வேறுபாடும் நிலைக்கவில்லை. கல்லை எடுத்தும் வலி போகவில்லை என்று சொல்லும் நோயாளியை நம்ப வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மாத்திரைகளுக்கு வருவோம். பாரசிட்டமாலில் தொடங்கி, தேவைப்பட்டால் டிராமடால் என்பது வழக்கமான ஏணி. டிராமடால் வலியைத் தணிக்கும். கூடவே மலச்சிக்கலும் குமட்டலும் பழக்கமும் வரும். நாள்பட எடுத்தால் சிலருக்கு வலியின் கூர்மையே கூடும். 2018 முதல் இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதால், மருந்துச் சீட்டு இல்லாமல் கேட்டு அலைவது வீண். நரம்பு வகை வலிக்குப் பிரிகாபலின் ஒரு மாற்று. 64 பேரிடம் மூன்று வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ஓரளவு பலன் தெரிந்தது, தலைசுற்றலும் மயக்க உணர்வும் தெரிந்தன. ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளின் கதை வேறு. டெல்லி எய்ம்ஸில் 127 பேரிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வில், செலினியம், வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், மெத்தியோனின் கலவையை ஆறு மாதம் எடுத்தவர்களுக்கு மாதத்தில் வலியுள்ள நாட்கள் சராசரியாக 7.4 குறைந்தன, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 3.2. பிரிட்டனில் பின்னர் நடந்த ஆய்வில் பலன் இல்லை. அங்கே மது காரணமான நோயாளிகள் கூடுதல் என்பதால், நம் ஊர் இளம் நோயாளிக்கு எய்ம்ஸ் முடிவையே நான் அதிகம் பொருட்படுத்துவேன். தம்பி இப்போதும் அதை எடுக்கிறான்.

கணையம் சுரக்க வேண்டிய செரிமான நொதிகளை ஈடுசெய்யும் நொதி மாத்திரை பலரும் தவறாகப் புரிந்துகொள்வது. எண்ணெய் மிதக்கும் மலத்துக்கும் எடை குறைவதற்கும் அது அவசியம். வலிக்கு மருந்தாக அதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பெரிய சாப்பாட்டுக்கும் 40,000 முதல் 50,000 லிப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி) யூனிட் வரை, சாப்பிடத் தொடங்கும்போதும் நடுவிலும் விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகு எடுத்தால் பயன் குறையும். பெரும்பாலும் பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுவதால், சமயக் கட்டுப்பாடு உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்வது நல்லது. வலியைத் தடுக்க வயிற்று நரம்பு முடிச்சில் ஊசி போடும் முறைக்கு வாரங்கள், சில மாதங்கள் என்ற அளவுக்கே ஆயுள்.

பித்தநாளத்தின் பக்கம் இரண்டு நிலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கணையத் தலை வீங்கிப் பித்தநாளத்தை நெரித்து மஞ்சள் காமாலை வருவது ஒன்று. அதற்கு ஸ்டென்ட் உண்மையாகவே தேவை. முழுவதும் உறை போட்ட உலோக ஸ்டென்ட், பல பிளாஸ்டிக் ஸ்டென்ட்டுகளைவிடக் குறைந்த எண்ணிக்கையிலான இ.ஆர்.சி.பி.யோடு வேலையை முடிக்கும். நிலைக்காவிட்டால் பித்தநாளத்தைக் குடலோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சை. மற்றொன்று, பித்தப்பை எடுத்த பிறகும் வலி தொடர்ந்து, ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருப்பது. இந்த இரண்டாம் நிலையினருக்கும், பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் உள்ள சுருக்குத்தசையை இ.ஆர்.சி.பி. வழியாகக் கீறிவிடும் வழக்கம் முன்பு இருந்தது. அமெரிக்காவில் 214 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், உண்மையில் கீறப்பட்டவர்களில் 23 சதவீதத்தினருக்கும், பாவனை செய்யப்பட்டவர்களில் 37 சதவீதத்தினருக்கும் பலன் கிடைத்தது. குழாய் விரியாமல், கல்லீரல் நொதிகளும் ஏறாமல், யாராவது இ.ஆர்.சி.பி. செய்யலாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எந்த வழியைத் தேர்ந்தாலும் புகையிலையும் மதுவும் நிற்க வேண்டும். மது மட்டுமல்ல, பீடியும் சிகரெட்டும் தனியாகவே கணையத்தைக் கெடுக்கும்.

தம்பிக்கு ஃப்ரே முறையில் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வலி மாதத்துக்கு நான்கைந்து நாள் வருகிறது, டிராமடால் நின்றுவிட்டது, இன்சுலின் போட்டுக்கொள்கிறான். அவன் தலையணைக்கடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. தேதி, வலி எத்தனை மணிக்கு எழும்பியது, பத்துக்கு எவ்வளவு, அன்று என்ன சாப்பிட்டான், எந்த மாத்திரை எத்தனை மணி நேரம் தாங்கியது என்று ஐந்து கட்டங்களாகக் கோடு கிழித்து எழுதுகிறான். போன முறை மருத்துவர் ஸ்கேன் படத்துக்கு முன்பே அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்த்தார். பிரிகாபலின் அளவைக் குறைக்கலாம் என்று அதை வைத்தே முடிவு செய்தார்.