புது வேகன் ஆர்: முதல் 1000 கிலோமீட்டரில் செய்ததும் 38,000 கிலோமீட்டரில் கிடைக்கும் மைலேஜும்

என் கார் மாருதி வேகன் ஆர், ஒரு லிட்டர் பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர். எடுத்து இரண்டரை வருடம், ஓட்டம் 38,000 தாண்டிவிட்டது. நான்கு வழிச்சாலையில் 80-ல் போனால் லிட்டருக்கு 23 கிலோமீட்டர் வருகிறது, மதுரை ஊருக்குள் 16, 17. மீட்டர் காட்டுவதைச் சொல்லவில்லை, ஒரே பெட்ரோல் பங்க்கில் டேங்க் நிரப்பி, மறுபடி நிரப்பி, நோட்டில் எழுதிப் பார்த்த கணக்கு.

வண்டி வந்த அன்றே அப்பா, "இன்ஜின் செட் ஆகிறவரைக்கும் 40-ஐத் தாண்டாதே" என்று சொல்லிவிட்டார். முதல் 200 கிலோமீட்டர் அப்படித்தான் ஓட்டினேன். நாலாவது கியரில் 35-ல் போகும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி திணறும், கியர் லீவர் கையில் அதிரும். மனசு கேட்காமல் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே, உயர்ந்த கியரில் மெதுவாக இழுக்காதே, முழுசாக மிதிக்காதே என்றுதான் போட்டிருந்தது.

காரணம் புரிந்ததும் பயம் போய்விட்டது. இன்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டிருப்பார்கள், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான ரிங் அதில் உரசி உரசித்தான் சுவரோடு படியும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவதில் பெரும்பங்கு பெட்ரோல் எரியும்போது வரும் அழுத்தத்துக்கு, அது ரிங்கின் பின்பக்கம் புகுந்து தள்ளுகிறது. உருட்டிக்கொண்டே போனால் அந்த அழுத்தம் போதாது, ரிங் சரியாகப் படியாமல் ஆயில் மேலே ஏறி எரிந்து குறையும். ரொம்ப விரட்டினால் சூடு அதிகம், அதுவும் ஆகாது.

அப்புறம் ஞாயிறு விடியற்காலை விருதுநகர் வரை போய் வருவேன், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 50-லிருந்து 75 வரை பதமாக மிதித்து ஏற்றுவேன், காலை எடுத்துவிட்டு கியரிலேயே 50-க்கு இறங்க விடுவேன், திரும்ப ஏற்றுவேன். ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, 2000-க்கும் 3000-க்கும் நடுவில்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "ஏன்டா ஒரே சீராப் போக மாட்டேங்கிற?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆயிரம் முடியும்வரை ஆள் நிறைய ஏற்றி மலைப்பாதைக்குப் போகவில்லை, கொடைக்கானல் ஆசையைத் தள்ளிப்போட்டோம்.

முதல் டேங்க்கில் லிட்டருக்கு 14-தான். வயிற்றைக் கலக்கியது, உண்மை. ஆயிரத்தில் 17, ஐயாயிரத்துக்குப் பிறகுதான் இன்றைய அளவுக்கு வந்தது. இதில் இன்ஜின் படிந்தது எவ்வளவு, என் கால் பழகியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது, இரண்டும் சேர்ந்ததுதான். அதனால் புது வண்டிக்காரர்கள் முதல் மாதம் மைலேஜ் பார்த்து மனம் உடைய வேண்டாம். டயர் காற்றைப் பாருங்கள், எனக்கு ஒருமுறை 33 இருக்க வேண்டியது 26-க்கு இறங்கி லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் போனது.

ஆயில் 10,000-க்கு ஒருமுறைதான் மாற்றுகிறேன், புத்தகத்தில் சொன்ன கிரேடு மட்டும். போன வாரம் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டுப் பார்த்தேன். மாற்றி 8000 ஓடியும் மேல் கோட்டுக்கு ஒரு நெல் அளவுதான் கீழே இருந்தது.