செக்ரோலுக்கு லிப்ரே ஒபிஸ் கல்க் சரிப்படுமா?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கொமினிகேஷன் கடைகளிலும் தோட்டத்து ஒபிஸ்களிலும் காசு கட்டாத எக்செல்லை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. கல்க் என்பது எக்செல்லைப் போலக் கணக்குப் போடும் இலவச மென்பொருள். செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேடு), கொழுந்து நிறை, இபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதக் கழிவு என்றால் தாராளமாகச் சரிப்படும். பொத்தானைத் தட்டினால் படிவம் விரியும் மெக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) பைல் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

டவுன்லோட் சுமார் 350 எம்பி. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் எத்தனை மெஷினிலும் போடலாம். போட்டதும் டூல்ஸ், ஒப்ஷன்ஸ் போய் இரண்டை மாற்றுங்கள். லோட்/சேவ் பகுதியில் வழக்கமான பைல் வகையை எக்செல் வகையாக்குங்கள். விட்டுவிட்டால் கல்க்கின் சொந்த வகையான ஓடிஎஸ் ஆகவே சேமிக்கும், மெயிலில் வாங்குபவர் திறக்கவில்லை என்று போன் எடுப்பார். கல்க் பகுதியில் போர்முலா எழுதும் முறையை ‘எக்செல் ஏ1’ ஆக்குங்கள். இல்லையென்றால் ஷீட் பெயருக்குப் பின் ஆச்சரியக்குறி வரவேண்டிய இடத்தில் புள்ளி வரும். எக்செல்லின் மேல்பக்கப் பொத்தான் பட்டையான ரிப்பன் பழகிய கைக்கு வியூ மெனுவில் யூசர் இன்டர்பேஸ், அதில் ‘டேப்ட்’.

கை தவறும் இடம் ஒன்று உண்டு. ஒரு கட்டத்தில் 18 என்று அடித்து, அதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எக்செல் எல்லோருக்கும் 18 போடும். கல்க் 18, 19, 20 என்று ஏற்றிக்கொண்டே போகும். முதல் ஆளுக்கு 18 கிலோ, முப்பதாவது ஆளுக்கு 47 கிலோ! கன்ட்ரோலை அமுக்கியபடி இழுங்கள். அல்லது பகுதியைத் தெரிவுசெய்து கன்ட்ரோல்+டி. டொலர் குறி போட எப்4 இங்கும் வேலை செய்யும். ஆனால் கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய்ய எப்4 உதவாது, கன்ட்ரோல்+ஷிப்ட்+வை.

மெனு, விசை, சம்இப், விலுக்கப் போன்ற போர்முலாக்கள் எல்லாம் எக்செல்லைப் போலவே இருக்கிறதே, மைக்ரோசொப்ட் கேஸ் போடாதா என்று சிலர் பயப்படுகிறார்கள். இப்படியொரு கேஸை வேறொரு கம்பெனி போட்டுப் பார்த்தாயிற்று. அன்றைக்கு இந்த வகை மென்பொருளில் ராஜா லோட்டஸ் 1-2-3. போட்டிக் கம்பெனியான போர்லண்ட் தன் குவாட்ரோ மென்பொருளில் லோட்டஸின் 469 கட்டளைகளையும் அதே மெனு வரிசையில் வைத்தது. அழகுக்காக அல்ல: லோட்டஸ் பாவனையாளர்கள் தாங்களே எழுதிய மெக்ரோக்கள் அந்த வரிசையை நம்பித்தான் ஓடின. மெனு மாறினால் அவர்களுடைய சொந்த உழைப்பே செல்லாக்காசு. கீழ் நீதிமன்றம் லோட்டஸ் பக்கம் நின்றது. 1995 மார்ச்சில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டி, மெனு வரிசை ஓர் ‘இயக்கும் முறை’, வீடியோ டெக்கின் பொத்தான்களைப் போன்றது, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்றது. 1996 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4–4 என்று பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நின்றது. சமநிலை என்பதால் நாடு முழுக்கக் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பு ஆகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளை எதிர்க்கவே ரிச்சர்ட் ஸ்டோல்மன் முதலானோர் 1989இல் புரோகிராமிங் சுதந்திரத்துக்கான லீக்கை அமைத்து, லோட்டஸ் அலுவலக வாசலிலேயே ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இன்றைய எக்செல்லில் வெறுமனே சாய்கோடு விசையை அமுக்கிப் பாருங்கள்: மெனு எழுத்துகள் எழும்பும். அது லோட்டஸின் பழக்கம். கொப்பியடிக்காதவர் யார்?

நமது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் எண்ணம், நடைமுறை, இயக்கும் முறை ஆகியவற்றுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்கிறது. அதே சட்டம்தான் கணினி நிரலைப் பாதுகாக்கிறது. ஆகவே எக்செல்லைப் போல வேலை செய்யும் கல்க்கைப் போடுவதில் குற்றமில்லை, எக்செல்லையே உடைத்துப் போடுவதுதான் குற்றம்.

மெக்ரோ விஷயத்துக்கு வருவோம். எக்செல் மெக்ரோ எழுதும் மொழியான விபிஏயின் கட்டளைப் பெயர்களைக் கல்க் ஓரளவு புரிந்துகொள்ளும். இந்த வகைப் பெயர்களைப் பற்றித்தான் ஒரக்கிள், கூகிள் வழக்கு நடந்தது. ஒரக்கிளின் நிரல்மொழியான ஜாவாவின் ஏறத்தாழ 11,500 வரிகளைக் கூகிள் எடுத்தது நியாயமான பயன்பாடு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 6–2 என முடிந்தது; அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியை நீதிமன்றம் தீர்க்காமலே விட்டது. கல்க்கில் தொல்லை சட்டத்தால் அல்ல, விபிஏக்கான வேலை இன்னும் முழுமையாக முடியாததால்: கூட்டிக் கழிக்கும் சின்ன மெக்ரோ ஓடும், படிவமும் பொத்தானும் உள்ளது பெரும்பாலும் விழும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஸ்டைலில் தமிழுக்கான எழுத்துரு தனிப் பகுதியில் இருக்கிறது; மேலே ஆங்கிலத்துக்குரியதை மட்டும் மாற்றினால் பெயர்கள் அப்படியே நிற்கும். யுனிகோடுக்கு முந்திய எழுத்துருவான பாமினியில் அடித்த பழைய பெயர்ப்பட்டியல், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பைல் கெடவில்லை, பாமினியைப் போடுங்கள், அல்லது யுனிகோடுக்கு மாற்றுங்கள். விண்டோஸின் தமிழ் எழுத்துருவான லதா இல்லாத இடத்தில் வேறு எழுத்துரு புகுந்து பெயர் கட்டத்தை மீறும், ஒரு பக்கத்து செக்ரோல் இரண்டு பக்கமாகும். வெளியே அனுப்புவதைப் பிடிஎப் ஆக்கியே அனுப்புங்கள்.

மாறுவதென்றால் மாத நடுவில் மாறாதீர்கள். முடிந்த மாதத்தின் பைலைக் கல்க்கில் திறந்து, மொத்தக் கிலோவும் இபிஎப் மொத்தமும் பழைய பிரின்ட்டோடு சதம் வரை ஒத்தால் அடுத்த முதலாம் திகதியிலிருந்து தொடங்கலாம்.