ஸ்வீட் கார்னுக்கு நுண்ணூட்டத் தெளிப்பு: பல போகம் அடித்துப் பார்த்ததில்

உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டம் சுண்ணாம்பு ஏறிய கரிசல். இதில் ஸ்வீட் கார்ன் போட்டால் மூன்றாம் வாரத்திலேயே குருத்து வெளுக்கும், புது இலையில் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் அடியிலிருந்து வெள்ளைப் பட்டை ஓடும். துத்தநாகப் (ஜிங்க்) பற்றாக்குறை. மண்ணில் ஜிங்க் இருந்தாலும் கார மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், போதாததற்கு டிஏபி உரத்தை அள்ளிப் போட்டால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடி செடி ஜிங்க் எடுப்பது இன்னும் குறையும். பல போகமாக இலைவழித் தெளிப்பு கொடுத்து வருகிறேன். வெளுப்புக்கும் கதிர் நுனிவரை மணி பிடிப்பதற்கும் இதை நம்பலாம், அடியுரத்துக்குப் பதிலாக நம்பக் கூடாது.

வெளுப்புக்கு 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கலந்து அடிக்கிறேன். அடுத்து விரியும் இலை பச்சையாக வருகிறது. ஏற்கெனவே வெளுத்தது முழுதாகத் திரும்பாது, ஜிங்க் செடிக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எளிதில் நகராது, அதனால் பத்து நாள் விட்டு இன்னொரு தடவை அடிக்க வேண்டும். மணிச்சத்து உரத்தை மட்டும் அதே டேங்கில் சேர்க்காதீர்கள், திரிந்து அடியில் படிந்துவிடும்.

அப்புறம் பூக்கும் பருவம். எனக்குப் பணம் திரும்பி வந்தது இங்கேதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மெய்ஸ் மேக்சிம் பவுடரைப் பயன்படுத்துகிறேன். சத்துகளோடு வளர்ச்சி ஊக்கியும் கலந்தது, ஏக்கருக்கு 3 கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஆண் பூ எட்டிப் பார்க்கும்போது ஒரு தடவை, மணி பிடிக்கும்போது ஒரு தடவை. 20 சதம் வரை மகசூல் கூடும் என்கிறார்கள், அது தானிய மக்காச்சோளத்துக்குச் சொன்ன கணக்கு. ஸ்வீட் கார்னை, கதிர் நுனியில் நூல் (பெண் பூவின் இழை) வந்து மூன்று வாரத்துக்குள் பச்சையாக ஒடித்துவிடுகிறோம், ஆகவே இரண்டாவது தெளிப்பை நூல் வெளியே வந்ததுமே கொடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் காசுதான் வீண்.

ஒவ்வொரு போகமும் ஓரத்தில் சில வரிசைகளை அடிக்காமல் விடுகிறேன். உரித்துப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்: அடிக்காத கதிரில் நுனி இரண்டு விரற்கடைக்கு மணி இல்லாமல் சப்பென்று கிடக்கும், அடித்ததில் வரிசை நேராக நுனிவரை ஏறியிருக்கும். மொத்த எடையில் பெரிய ஏற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வியாபாரி தோகையைக் கிழித்து, மணியை நகத்தால் கீறிப் பால் பார்த்துவிட்டுத்தான் முதல் தரமா கழிவா என்று பிரிக்கிறார், அந்த இடத்தில் கழிவு குறைவதே போதும்.

நுனிக்கான நூல்தான் கடைசியாக வெளியே வரும். அந்த வாரம் தண்ணீர் காய்ந்தால் எந்தப் பவுடரும் காப்பாற்றாது. தெளிப்பை மாலை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் மகரந்தம் உதிரும் நேரத்தில் பூவை நனைக்க வேண்டாம், ஒட்டும் திரவம் கட்டாயம் சேர்க்க வேண்டும். பக்கத்து வயலில் சாதா மக்காச்சோளம் அதே சமயம் பூத்தால் அந்த மகரந்தம் விழுந்த மணியெல்லாம் மாவாகப் போய்விடும், அதற்கும் தெளிப்புக்கும் சம்பந்தமே இல்லை, விதைப்புத் தேதியை மாற்றுவதுதான் வழி.

மண் பரிசோதனையில் ஜிங்க் குறைவு என்று வந்தால் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து விதைப்புக்கு முன்பே தூவிவிடுங்கள். எங்கள் தோட்டத்தில் அதைத் தொடங்கியபின் வெளுப்புக்கான தெளிப்பு ஒன்று குறைந்திருக்கிறது. பூத்த பயிர் ஆளுயரம் நிற்கும்போது உள்ளே புகுந்து அடிப்பது பெரும்பாடு, இலையோரம் கையைக் கிழிக்கும், அதனால் ட்ரோனில் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 200 லிட்டருக்கான 3 கிலோ பவுடரை ட்ரோன் டேங்கின் 10 லிட்டரில் கரைத்தால் இலை கருகும், அளவைக் குறைத்தால் சத்து போதாது. நான் கைத்தெளிப்பானோடு வரப்பில் இறங்கித்தான் அடிக்கிறேன்.