உடம்பில் பீஸ் இருக்கிறதா என்று கேட்காதவரிடம் கையைக் கொடுக்காதீர்கள்

அம்மாவின் வலது தோள்மூட்டுக்குப் பின்னால் ஒரு செல் (எறிகணை) துண்டு கிடக்கிறது. நாங்கள் பீஸ் என்போம். 2009 பங்குனியில், கடைசிச் சண்டையின்போது, மாத்தளனில் பட்டது. முகாமில் இருந்தபோது எக்ஸ்ரே பார்த்த டொக்டர், எடுக்கப்போனால் நரம்பில் முட்டும், கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மாரியில் கொஞ்சம் உளையும். மற்றப்படி எங்களுக்கே மறந்துபோன ஒன்று. எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படிப் பீஸோடு திரிகிறவர்கள் நாலு பேர். யாரும் அதை ஒரு வருத்தமாக, நோயாக, எண்ணுவதில்லை.

அந்தத் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவர் அம்மாவின் தோளில் மெசினால் சூடு ஏற்றினார். அதற்கு 28,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தது நான்தான்.

போன மார்கழி மழையில், விடியற்காலை கிணற்றடிக்குப் போன அம்மா வழுக்கி விழுந்தார். விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு முறிந்து, கை ஒரு முள்ளுக்கரண்டியைக் கவிழ்த்து வைத்தது போல வளைந்து நின்றது. முறிவு நெரிவு பார்க்கிற நாட்டு வைத்தியரிடம் போவோம் என்று மாமி நின்றார். நான் ஓட்டோ பிடித்துக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எலும்பை இழுத்து நேராக்கி ஆறு கிழமைக்கு பிளாஸ்டர் போட்டார்கள். விரல்களை மடக்கி நீட்டுங்கள், தோளையும் அசையுங்கள், கையைத் தொங்கவிடாதீர்கள் என்று அன்றைக்கே சொன்னார்கள். அம்மாவுக்கு, அசைத்தால் எலும்பு விலகிவிடும் என்ற பயம். கழுத்தில் துணி கட்டி, கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆறு கிழமையும் இருந்தார். நானும் கவனிக்கவில்லை. ஓய்வு எடுக்கிறார் என்று நினைத்தேன்.

பிளாஸ்டரை வெட்டிய அன்று பார்த்தால் கை மெலிந்து, தோல் உரிந்து, விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. தோள் அதைவிட மோசம். கையைக் காதுவரைக்கும்கூடத் தூக்க முடியவில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறது. சீனி உள்ளவர்களுக்கு அசையாமல் வைத்த தோள் சுலபமாக இறுகிப்போகும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு (பிசியோ, உறுப்பை அசைய வைக்கிற பயிற்சி வைத்தியம்) துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். விசுவமடுவில் இருந்து பரந்தன் சந்தியால் பஸ்ஸில் போய், வரிசையில் இருந்து, முறை வர பதினொரு மணியாகும். அங்கே இருந்த பிள்ளை இருபத்தைந்து வயதுகூட இராது. அம்மாவின் ஒவ்வொரு விரலையும் ஒரு சின்னக் கோணமானியால் அளந்து எழுதினாள். பிறகு பயிற்சி காட்டினாள்: விரலை நேராக நீட்டு, கொக்கி போல மடக்கு, முழுதாகப் பொத்து, பெருவிரலால் சின்னவிரலைத் தொடு. தோளுக்கு, சுவரில் விரலால் நடந்து ஏறு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பத்துப் பத்தாகச் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டும் தந்தாள். இருபது நிமிடம். அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போது அம்மா சொன்னார், "ஒரு மெசினும் பிடிக்கேல்லை. மடக்கு, நீட்டு எண்டு சொல்ல ஒரு ஆஸ்பத்திரியோ? அதை நான் வீட்டிலயே செய்வன்."

வீட்டில் செய்யவில்லை. நொந்தது. இரண்டு தடவை போய்விட்டு நிறுத்திவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். காசு கொடுக்காத வைத்தியம் பாதி வைத்தியம் என்ற புத்தி எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நாங்கள் ஏமாறத் தயாரானோம்.

ஏ9 வீதியில் ஒரு பட்டணத்தில் அந்த நிலையம் இருந்தது. பெயர் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் முதுகெலும்புப் படம் போட்ட பெரிய பலகை. பலகையில் பெயருக்கு முன்னால் டொக்டர். பின்னால் நாலைந்து எழுத்துகள், என்ன பட்டம் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. அவர் நன்றாகக் கதைத்தார். அம்மாவை "அம்மா அம்மா" என்று கதிரையில் இருத்தினார். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "நரம்பு அடைச்சிருக்கு தங்கச்சி, பன்னிரண்டு தரம் வந்தால் திறந்துவிடலாம்" என்றார். அது மணிக்கட்டு எக்ஸ்ரே. தோளின் எக்ஸ்ரே அவரிடம் இல்லை. நரம்பு அடைப்பது என்றால் என்ன என்று இன்றைக்குவரை எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு கேட்ட யாருக்கும் தெரியவில்லை.

ஒரு தரத்துக்கு 3,000, பன்னிரண்டுக்கும் முன்காசு கட்டினால் 28,000. கட்டினேன். பற்றுச்சீட்டு இல்லை. பன்னிரண்டு பெட்டி போட்ட ஒரு அட்டை தந்தார், ஒவ்வொரு தரமும் அதில் ஒரு சரி போடுவார்.

ஒரு தரம் என்றால் இப்படி: கையில் கரண்ட் பட்டைகள் ஒட்டிப் பதினைந்து நிமிடம். ஜெல் பூசி ஒரு குமிழால் தேய்ப்பது ஐந்து நிமிடம். பிறகு எண்ணெய் போட்டு உருவல். கடைசியில், அவர் போனில் கதைத்தபடி, விரல்களைப் பிடித்து அமுக்கி மடக்குவார். அம்மா கத்துவார். "நொந்தால்தான் திறக்கும்" என்பார். மூன்றாம் தரத்துக்குப் பிறகு கை வீங்கிவிட்டது. வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "வீட்டில செய்து பிழையாக்கக் கூடாது, இங்க வாங்கோ" என்றார். அந்தப் பதிலிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இடையில் அம்மா ஒரு விசயம் சொன்னார். காலையில் படுக்கையில் திரும்பும்போது உலகமே சுற்றுகிறதாம். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுமாம். விழுந்த அன்றும் அப்படித்தான் சுற்றியதாம்! இத்தனை நாளும் எங்களுக்குச் சொல்லவில்லை. நிலையக்காரர் உடனே, "கழுத்தெலும்பு தேய்வு" என்று சொல்லி ஒரு கழுத்துக் கொலர் விற்றார். 4,500. எந்தச் சோதனையும் செய்யவில்லை. கொலரைப் போட்டால் அம்மாவால் குனிந்து காலடியைப் பார்க்க முடியவில்லை. விழுகிற ஆளுக்கு, காலடியை மறைக்கிற சாமான். அடுத்த கிழமை வாசல் படியில் இன்னொரு தடவை தடுமாறினார். நல்லகாலம், கதவைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாம் தரம் தோளுக்குப் புதிய மெசின். இரண்டு கை நீண்ட பெட்டி, நுனியில் வட்டத் தட்டுகள். தோளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. "ஷோர்ட்வேவ், ஆழத்துச் சூடு" என்றார். கொஞ்ச நேரத்தில் அம்மா, "தம்பி, உள்ளுக்க ஊசி காய்ச்சி ஏத்தினமாதிரிக் கிடக்கு" என்றார். அவர் திரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தபடியே, சூடு பிடிக்கிறது, நல்லது, அசையாமல் இருங்கோ என்று சொல்லிவிட்டார். அம்மாவும் அசையாமல் இருந்தார். எங்கள் சனத்துக்கு அசையாமல் இருக்க நன்றாகத் தெரியும்.

அன்றிரவே தோளின் பின்பக்கம் சிவந்து, அடுத்த நாள் கொப்புளம் போட்டது. பழைய காயத் தழும்புக்கு நேர் மேலே.

அங்கே போன் எடுத்தேன். "அலர்ஜியாயிருக்கும், எண்ணெய் பூசுங்கோ" என்றார். எண்ணெய் பூசவில்லை. நேரே கிளிநொச்சிக்குப் போனோம். கொப்புளத்துக்கு மருந்து கட்டி, பிசியோவுக்குத் திரும்ப அனுப்பினார்கள். அதே பிள்ளை. நாங்கள் வராமல் விட்டதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, உடம்பில எங்கயாவது பீஸ் இருக்கோ?"

அவள் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். ஷோர்ட்வேவ் என்பது வெந்நீர்ப் பை மாதிரி வெளியிலிருந்து சூடாக்குவது அல்ல. மின்காந்த அலையால் உடம்பின் தசைக்குள்ளேயே சூட்டை உண்டாக்குவது. உள்ளே உலோகம் இருந்தால் அலை அதைச் சுற்றிக் குவிந்து, அந்த இடத்துச் சதையைச் சுட்டுவிடும். செல் துண்டு, சன்னம் (துப்பாக்கிக் குண்டு), எலும்புக்குப் போட்ட பிளேட், ஆணி, எல்லாம் கணக்கு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கூடாது. உணர்ச்சி மரத்துப்போன இடத்திலும் கூடாது, சுடுவது ஆளுக்கே தெரியாது. இந்த மெசினில் கைவைக்கிற யாரும் முதலில் படிக்கிற பாடம் இது என்றாள். மற்ற எந்த ஊரிலும் ஒருவர் கேட்க மறக்கலாம். சண்டை நடந்த வன்னியில் கடை திறந்து வைத்துக்கொண்டு இதைக் கேட்காமல் விடுகிறவரை என்னவென்று சொல்வது?

தலைச்சுற்றுக்கு அவள் டொக்டரைக் கூப்பிட்டாள். அம்மாவைக் கட்டிலில் இருத்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்தார்கள். கண்மணி துடித்தது. கழுத்தெலும்பு அல்ல, காது. உட்காதில் சுண்ணாம்புத் துகள் போன்ற மிகச் சின்னப் படிகங்கள் இருக்கின்றனவாம். அவை இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால் தலையைத் திருப்பும்போது உலகம் சுற்றும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். தலையை ஒவ்வொரு நிலையிலும் சற்று நேரம் வைத்துத் திருப்பித் திருப்பி அந்தத் துகளைப் பழைய இடத்துக்கு அனுப்பினார்கள். எப்லி முறை என்று பெயர். கட்டிலிலேயே சில நிமிட வேலை. அடுத்த கிழமை ஒருதரம் திரும்பச் செய்தார்கள். சுற்று நின்றுவிட்டது. எல்லாத் தலைச்சுற்றும் இது அல்ல, இது திரும்பவும் வரலாம் என்றும் சொன்னார்கள். நான் 4,500 கொடுத்த வருத்தத்துக்கு இலவசமாக ஒரு கட்டில் போதுமாக இருந்தது.

பிறகு கதிரையிலிருந்து எழுந்து மூன்று மீற்றர் நடந்து திரும்பி வந்து இருக்கச் சொல்லி நேரம் பார்த்தாள். உள்ளங்காலில் ஒரு நைலோன் நூலால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதா என்று கேட்டாள். அம்மாவுக்கு வலது பெருவிரல் அடியில் தெரியவில்லை. சீனியின் வேலை. சமநிலைக்கு அடுப்படி மேசையைப் பிடித்துக்கொண்டு செய்கிற பயிற்சி தந்தாள். கிணற்றடிக்கு ஒரு கைபிடிக் கம்பி போடச் சொன்னாள், இரவில் லைட் போடச் சொன்னாள். முறிந்த கை வீங்கி, மினுங்கி, நிறம் மாறி, எரிவு எடுத்தால் ஒரு நாளும் பிந்தாமல் வரச் சொன்னாள், இறுகலோடு சேர்ந்து அப்படியும் ஒரு வருத்தம் வருமாம். வீங்கின கையை அமுக்கி மடக்கியதைக் கேட்டு அவள் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன்.

மிச்சம் ஏழு தரத்துக் காசைக் கேட்டுப் போனேன். "மெசின்காரனுக்கும் கரண்டுக்கும் ஆர் கட்டுறது, தங்கச்சி? பக்கேஜ் எண்டால் பக்கேஜ்தான்." உங்கள் பதிவு எண் என்ன என்று கேட்டேன். முதல்தரம் கேட்டது அப்போதுதான். முகம் மாறியது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததைக் காட்டினார். கிட்டப் போய் வாசித்தேன். மூன்று நாள் பயிற்சிப் பட்டறையில் பங்குபற்றிய சான்றிதழ்.

இலங்கையில் பிசியோதெரபி செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். டொக்டர்மாரைப் பதிகிற அதே சபைதான். பெயரைக் கேட்டுத் தேடினேன், அவர் பெயர் இல்லை. தனியார் மருத்துவ நிலையங்களும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதியப்பட வேண்டியவை. கையில் இருந்த அட்டை, கொப்புளத்தின் படங்கள், ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் பிரதி எடுத்து, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுத்தேன். முதல் கேட்டது பற்றுச்சீட்டு. என்னிடம் இருந்தது சரி போட்ட அட்டை. நீங்கள் யாராக இருந்தாலும், ஐம்பது ரூபாவுக்கும் சீட்டு வாங்குங்கள்.

தனியாரில் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதிவு பெற்ற நல்லவர்கள் இருக்கிறார்கள், பஸ்ஸுக்கும் வரிசைக்கும் நேரமில்லாத ஆட்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஆனால் முதல்நாள் உங்களை அளக்காதவர், வீட்டில் செய்ய ஒன்றும் தராதவர், எத்தனை தரம் என்று பார்க்கும் முன்னமே கணக்குச் சொல்கிறவர் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். பீஸ் இருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். வயது போனவர்கள் சொல்லமாட்டார்கள், கூடப்போகிற பிள்ளைகள் சொல்லுங்கள்.

அம்மாவின் நடுவிரல் இன்னும் உள்ளங்கையைத் தொடவில்லை, ஒரு விரல் இடைவெளி கிடக்கிறது. தோள் பரவாயில்லை, தானே தலை வாருகிறார். போன ஞாயிறு துருவலையில் பாதித் தேங்காய் துருவினார், மிச்சத்தை நான் துருவினேன். சுவரில் பென்சிலால் கோடு போட்டு, விரல் எட்டுகிற உயரத்தை ஒவ்வொரு வெள்ளியும் குறிக்கிறோம்.

நேற்று அந்த வழியால் பஸ்ஸில் வந்தேன். பலகையில் டொக்டர் என்ற சொல்லின் மேல் வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு கை நீண்ட அந்தப் பெட்டி அதே இடத்தில் நின்றது, முன்னால் ஒரு ஐயா சேர்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.