கும்பகோணத்தில் குழந்தைக்கு ஊசி போட்ட கதை

ஊருக்குப் போனால் குழந்தைக்கு வயிறு கெடும் என்பது வெளிநாட்டில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்குப் புதிய செய்தியன்று. ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைப் பெட்டியிலேயே வைத்திருந்தோம். ஆனால் நாலு வயது மகள் குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்து, கண் குழிந்து, மதியம்வரை சிறுநீரே கழிக்காமல் துவண்டு கிடந்ததால், கும்பகோணத்தில் என் அத்தை வீட்டுக்கு அருகிலிருந்த தனியார் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று மருத்துவர் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "குளுக்கோஸ் ஏத்திடலாம்" என்றார். அந்த முடிவில் குறை சொல்ல எதுவுமில்லை. நான் எழுத வந்தது, அதன் பிறகு ஊசி போடும் அறையில் நடந்ததைப் பற்றி.

குழந்தையை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஆயா தோளை அழுத்த, இன்னொருவர் காலைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இருந்தா இன்னும் அழும், வெளியே நில்லுங்க" என்று என் மனைவியையும் என்னையும் வாசலுக்கு அனுப்பினார்கள். கதவு மட்டும் திறந்தே இருந்தது. "எறும்பு கடிச்ச மாதிரிதான் பாப்பா, ஒண்ணுமே இல்ல" என்றார் சிஸ்டர். அந்த வயதுக் குழந்தை உவமையை உவமையாக எடுத்துக்கொள்ளாது, சொன்னதை அப்படியே நம்பும். என் மகள் அழுகையை நிறுத்திவிட்டு, தன் கையைச் சுற்றி எறும்பைத் தேடினாள். அந்நேரம் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றுவதற்கான குழாய் ஊசியான வென்ஃப்ளான் புறங்கையில் இறங்கியது.

அவள் அலறல் ஓயாததைக் கண்டு, "அழுதா இன்னொரு ஊசி போட்டுடுவேன்" என்ற மிரட்டலும் வந்தது. நாமெல்லாம் கேட்டு வளர்ந்ததுதான். சோறு வேண்டாமென்றால் கம்பவுண்டரைக் கூப்பிடுவதாகச் சொல்லாத பாட்டி உண்டா? பாட்டி சொன்னபோது கையில் ரசம் சாதம் இருந்தது, இங்கே சொன்னவர் கையிலோ ஊசியே இருந்தது. நோயும் வலியும் தான் செய்த தவறுக்குத் தண்டனை என்று நினைப்பது இந்த வயதின் இயல்பு. அன்று மாலை என் மகள், "நான் இட்லி சாப்பிடாததாலதான் குத்தினாங்களா?" என்று கேட்டாள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நீர் வற்றிய சின்னக் கையில் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார் அந்த சிஸ்டர். சென்ற ஆண்டு லண்டனில் இதே குழந்தைக்கு ரத்தம் எடுக்க இரண்டு முறை குத்தினார்கள்; ஆனால் குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே லிடோகேயினும் பிரிலோகேயினும் கலந்த மரப்புக் களிம்பைத் தடவி மூடிவைத்தார்கள், அம்மா மடியில் உட்காரவைத்தே எடுத்தார்கள், முடிந்ததும் ஆறு முகங்கள் வரைந்த அட்டையை நீட்டி எவ்வளவு வலித்தது என்று அவளையே தொட்டுக் காட்டச் சொன்னார்கள். தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரையிலும், பொய்யான ஆறுதல் சொல்லக் கூடாது என்று இருக்கிறது.

இதற்காக லண்டனைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் மனம் வரவில்லை. பிள்ளையோடு பெற்றோர் இருக்கலாம் என்பதையே அந்த ஊர் மருத்துவமனைகளுக்கு 1959இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு அறிக்கை எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது; அதற்குமுன் பல இடங்களில் பார்வையாளர் நேரத்தில் மட்டுமே அனுமதி. நம் ஊரில் அம்மா கட்டிலிலேயே படுத்துக்கொள்கிறாள், அத்தை பிளாஸ்க்கில் கஞ்சியோடு வந்துவிடுகிறாள், பக்கத்துக் கட்டில்காரர்கூட விசாரிக்கிறார். இத்தனை பேரும் சூழ்ந்திருக்கும் குழந்தையை, ஊசி குத்தும் நேரத்தில் மட்டும் ஏன் தனியாக்குகிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

இரவில் கை வீங்கிவிட்டது; வேறு கையில் மாற்ற வேண்டும் என்றார்கள். அவசரமில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இரவுப் பணி மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி, எதிர்ப்புற மருந்துக்கடைக்குப் போனால் அதே களிம்பு அங்கேயே கிடைக்கிறது. நடு வயதைத் தாண்டிய இரவு சிஸ்டர் அதைப் பார்த்ததும் சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. களிம்பு தடவிக் கை மரத்த பிறகு, மகளை அம்மா மடியில் உட்காரவைத்து, வென்ஃப்ளானின் பிளாஸ்டிக் குழாயைத் தனியே காட்டி, "இதுதான் உள்ள இருக்கும், ஊசிய வெளியே எடுத்துடுவேன். கொஞ்சம் வலிக்கலாம். அழணும்னா அழு, கைய மட்டும் ஆட்டாத" என்றார். மகள் அழுதாள்; கையை ஆட்டவில்லை. "பகல்ல வார்டு முழுக்க ஒரு ஆளு சார், இவ்வளவு பேசவெல்லாம் நேரம் எங்க?" என்றார் சிஸ்டர், பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே.

வீடு திரும்பும் நாளில், ஊசி போடும் அறையில் அந்தக் களிம்பை எப்போதும் வைத்திருக்கலாமே என்று மேலாளரிடம் கேட்டேன். "அதுவும் பில்லுல ஏறும் சார், அப்புறம் நீங்களே கேள்வி கேப்பீங்க" என்றார். அவர் நீட்டிய பில்லில் கேஸ் ஷீட் வைக்கும் அட்டைக்குத் தனியாகக் காசு போட்டிருந்தார்கள்.